94–87 நிலையில் கனன்ட்ரம்: புதியவர் தோற்றது எந்தச் சுற்றில்?

மணிக்கூண்டு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனின் சேனல் 4 ஒளிபரப்பும் கவுண்ட்டவுன் என்ற சொல், எண் போட்டி நிகழ்ச்சியை இந்த இழையில் பலரும் விடாமல் பார்ப்பவர்கள் என்பதால், பதிவு செய்து வைத்து மூன்று முறை பார்த்துவிட்ட ஓர் ஆட்டத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஆடியவர்களின் பெயர்கள் நமக்குத் தேவையில்லை. சாம்பியன் என்றும் புதியவர் என்றும் சொன்னால் போதும்.

முடிவை மட்டும் படிப்பவருக்கு இது நெருக்கமான ஆட்டமாகவே தெரியாது. சாம்பியன் 104, புதியவர் 87. பதினேழு புள்ளி வித்தியாசம் என்றால் ஒருதலையாகப் போயிருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் பதினைந்தாவது சுற்றான கனன்ட்ரம் (குலைத்துப் போட்ட சொல்லை முதலில் கண்டுபிடிப்பவருக்கு மட்டும் பத்துப் புள்ளி) தொடங்கும்போது பலகையில் இருந்தது 94–87. அந்தச் சுற்றில் முதலில் மணி அடித்தவர் புதியவர்தான். சரியான சொல்லைச் சொல்லியிருந்தால் 97–94 என்று வென்று, சாம்பியனின் இருக்கையில் அடுத்த ஆட்டத்துக்கு உட்கார்ந்திருப்பார். தவறாகச் சொன்னார். மீதமிருந்த நேரம் முழுவதும் சாம்பியனுக்குப் போயிற்று. அவர் நிதானமாகச் சொல்லைக் கண்டுபிடித்துப் பத்துப் புள்ளியை வாங்கிக்கொண்டார்.

என் வாதம் இதுதான்: புதியவர் தோற்றது கனன்ட்ரத்தில் அல்ல, அதற்கு முந்தைய எண் சுற்றில், அதாவது ஆறு எண்களைக் கொண்டு ஓர் இலக்கு எண்ணை எட்ட வேண்டிய சுற்றில். அப்போது நிலவரம் 84–77. எண்களைத் தேர்ந்தெடுக்கும் முறை புதியவருடையது. ஏழு புள்ளி பின்தங்கியிருப்பவர் துணிந்து நான்கு பெரிய எண்களைக் (25, 50, 75, 100) கேட்டு ஆட்டத்தைக் குழப்பியிருக்க வேண்டாமா? அவர் கேட்டது ஒரு பெரிய எண், ஐந்து சிறிய எண்கள். வந்தவை 75, 2, 4, 7, 9, 3. இலக்கு 683. எழுபத்தைந்தை ஒன்பதால் பெருக்கினால் 675, நான்கை இரண்டால் பெருக்கினால் எட்டு, கூட்டினால் 683. முள் பாதி தூரம் போவதற்குள் இருவரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்கள். ஆளுக்குப் பத்து. இடைவெளி அப்படியே ஏழு. ஒரு சுற்று வீணாயிற்று என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எண்சுவடி எழுதியது:

நண்பர் மணிக்கூண்டு, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் கணக்கு உங்கள் பக்கம் இல்லை என்று நினைக்கிறேன்.

ஏழு புள்ளி இடைவெளி என்பது கவுண்ட்டவுனில் மிகவும் தனித்தன்மையான இடைவெளி. கனன்ட்ரம் பத்துப் புள்ளி தருவதால், ஏழு பின்தங்கியிருப்பவர் அந்த ஒரு சுற்றாலேயே வெல்லலாம். அவருக்கு எண் சுற்றில் எதையும் பறிக்க வேண்டிய தேவை இல்லை. இழக்காமல் இருந்தால் போதும். பன்னிரண்டோ பதினைந்தோ பின்தங்கியிருந்தால் நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு சரி, ஏனெனில் அப்போது எண் சுற்றில் பறித்தே ஆக வேண்டும்.

சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். இவை என் ஊகங்கள்தான், விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம். கனன்ட்ரத்தில் புதியவர் முந்துவதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு, சாம்பியன் முந்துவதற்கு 40, இருவருக்கும் பிடிபடாமல் முப்பது நொடியும் ஓடிப்போவதற்கு 20 என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் பிடிபடாவிட்டால் முன்னிலையில் இருப்பவர் அப்படியே வெல்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

எளிய எண்களைக் கேட்டு இருவரும் பத்து வாங்கினால், புதியவரின் வெற்றி வாய்ப்பு 40.

கடினமான எண்களைக் கேட்டால்? புதியவர் மட்டும் பத்து வாங்குவதற்கு 20 வாய்ப்பு, சாம்பியன் மட்டும் வாங்குவதற்கு 20, சமமாக முடிவதற்கு 60 என்று கொள்வோம். புதியவர் மட்டும் வாங்கினால் 87–84 என்று அவர் முன்னிலைக்கு வருகிறார். அப்போது அவருக்கு 60 வாய்ப்பு, அதாவது மொத்தத்தில் 12. சமமாக முடிந்தால் பழையபடி 40, அது மொத்தத்தில் 24. சாம்பியன் மட்டும் வாங்கினால் இடைவெளி 17 ஆகிவிடும், கனன்ட்ரம் வெறும் சடங்கு. கூட்டிப் பார்த்தால் 36. எளிய எண்களைக் கேட்டதைவிட நான்கு குறைவு.

இதைச் சுருக்கினால் ஓர் அழகான விதி கிடைக்கிறது. இருவரும் எண்களில் சம பலம் என்றால், கனன்ட்ரம் யாருக்கும் பிடிபடாமல் போகும் வாய்ப்பு, அது தனக்குப் பிடிபடும் வாய்ப்பைவிட அதிகமாக இருந்தால் மட்டுமே பின்தங்கியவர் எண் சுற்றைக் கடினமாக்க வேண்டும். தன் கனன்ட்ரம் வேகத்தில் நம்பிக்கை உள்ளவர் அமைதியாக ஒரு பெரிய எண்ணைக் கேட்டுவிட்டுப் போகலாம். புதியவர் செய்தது அதுதான்.

ஒன்றை மட்டும் எளிமைப்படுத்தியிருக்கிறேன். இலக்கை இருவரும் தவறவிட்டு, புதியவர் ஐந்துக்குள் நெருங்கி ஏழு புள்ளி வாங்கினால் 84–84 என்று சமமாகிவிடும். அதையும் சேர்த்தால் கணக்கு சற்று நீளும், முடிவு மாறாது.

புதுவரவு எழுதியது:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் அண்மையில்தான் இந்நிகழ்ச்சியைப் பார்க்கத் தொடங்கினேன். கனன்ட்ரம் மட்டும் ஏன் மற்றச் சுற்றுகளைப் போல் இல்லாமல் ஒருவருக்கே புள்ளி தருகிறது? சமநிலையில் முடிந்தால் என்ன செய்வார்கள்?

பழம்பார்வையாளர் எழுதியது:

புதுவரவு அவர்களுக்கு வணக்கம். கேள்வி சிறியதுதான், ஆனால் எனக்குப் பிடித்த இடத்தில் கேட்டுவிட்டீர்கள்.

எழுத்துச் சுற்றுகளில் ஒன்பது எழுத்துகள். உயிரெழுத்து குறைந்தது மூன்று இருக்க வேண்டும், மெய்யெழுத்து குறைந்தது நான்கு இருக்க வேண்டும். நீளமான சொல்லைச் சொன்னவருக்கு எழுத்துக்கு ஒரு புள்ளி. சம நீளம் என்றால் இருவருக்கும். ஒன்பதையும் பயன்படுத்தினால் இரட்டிப்பாகப் பதினெட்டு. எண் சுற்றில் இருபத்து நான்கு அட்டைகளிலிருந்து ஆறு: பெரியவை 25, 50, 75, 100 என்று ஒவ்வொன்று, சிறியவை 1 முதல் 10 வரை இரண்டிரண்டு. இலக்கைத் தொட்டால் பத்து, ஐந்துக்குள் வந்தால் ஏழு, பத்துக்குள் வந்தால் ஐந்து. இங்கும் நெருக்கமாக வந்தவருக்கு மட்டும். கனன்ட்ரம் என்பது குலைத்துப் போட்ட ஒன்பதெழுத்துச் சொல். இதில் மட்டும்தான் மணி, இதில் மட்டும்தான் ஓட்டப் பந்தயம். ஒருவர் தவறாகச் சொன்னால் அவர் வெளியே. மிச்ச நொடிகள் மற்றவருக்கு. மொத்தப் புள்ளிகள் சமமாக முடிந்தால் இன்னொரு கனன்ட்ரம், அதிலும் தீராவிட்டால் மற்றொன்று. ஆகவே சரியாகப் பத்துப் புள்ளி பின்தங்கியிருப்பவர் வெல்ல இரண்டு கனன்ட்ரங்களாவது தேவை. ஒன்பதுக்கும் பத்துக்கும் உள்ள தூரம் எட்டுக்கும் ஒன்பதுக்கும் உள்ள தூரத்தைவிட மிகப் பெரியது என்று என் நண்பர் ஒருவர் சொல்வார்.

இன்னொரு செய்தியும் இங்கே பொருந்தும். 1982 நவம்பர் 2 அன்று சேனல் 4 தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது முதலில் வந்த நிகழ்ச்சியே இதுதான். ரிச்சர்ட் வைட்லி நடத்தினார். அப்போது ஆட்டம் ஒன்பதே சுற்றுகள்: ஆறு எழுத்து, இரண்டு எண், ஒரு கனன்ட்ரம். அந்தக் குறுகிய ஆட்டத்தில் கடைசிப் பத்துப் புள்ளி மலையைப் போல் நின்றது. 2001இல் பதினைந்து சுற்றாக நீட்டினார்கள். 2013இல் ஓர் எழுத்துச் சுற்றைக் குறைத்து எண் சுற்றை நான்காக்கினார்கள். ஆட்டம் நீள நீள கனன்ட்ரத்தின் பங்கு தேய்ந்துகொண்டே வந்திருக்கிறது. அதனால் இன்றைக்கு 94–87 என்று கனன்ட்ரத்துக்கு வந்து சேர்வதே, பதினான்கு சுற்றுகளில் இருவரும் ஒருவரை ஒருவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்கு அடையாளம்.

மூலம் பிரெஞ்சு நிகழ்ச்சி. ஆர்மான் ஜம்மோ 1965இல் தொடங்கியபோது அது எழுத்து ஆட்டம் மட்டுமே. 1972இல்தான் எண்களும் சேர்ந்த வடிவத்தை எடுத்தது. எண்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை என்றாலும், இன்று நெருக்கமான ஆட்டங்களைப் புரட்டிப்போடுபவை பெரும்பாலும் அவைதாம் என்பது என் கருத்து.

அகராதிப்பித்து எழுதியது:

எண்சுவடி ஐயாவின் கணக்கை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் இருவருமே தவறான சுற்றைப் பிடித்துக்கொண்டு பேசுகிறீர்கள். பதின்மூன்றாவது சுற்றைத் திரும்பப் பாருங்கள்.

அப்போது 77–70. எழுத்துகளைக் கேட்டவர் சாம்பியன். ஆகவே முதலில் அறிவிக்க வேண்டியவரும் அவரே. "ஏழு" என்றார். புதியவர் உடனே பதில் சொல்லவில்லை. தாளைப் பார்த்தார், பேனாவின் முனை ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்கு இறங்கி மீண்டும் ஏறியது, பிறகு "நானும் ஏழு" என்றார். இருவரின் சொல்லும் செல்லுபடியாயிற்று. அதற்குப் பிறகுதான் புதியவர் தயங்கியபடி, ஓர் எட்டெழுத்துச் சொல்லும் எழுதி வைத்திருந்ததாகவும் அது இருக்கிறதா என்றும் கேட்டார். ஒரு வினையோடு விகுதி சேர்த்துச் செய்பவரைக் குறிக்கும் பெயர் அது. அப்படிப்பட்ட சொற்கள் பொருத்தமாக ஒலித்தாலும் அகராதியில் தனியே இடம்பெற்றிருக்கின்றனவா என்பதுதான் எப்போதும் சிக்கல். சொற்களைச் சரிபார்ப்பவர்கள் அமரும் அகராதி மூலையில் தேடிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்றார்கள்.

அந்தக் கணம் எட்டு என்று சொல்லியிருந்தால் சாம்பியனின் ஏழுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. 78–77. முன்னிலை கைமாறியிருக்கும். எண் சுற்றில் அதே எளிய எண்களைக் கேட்டு, இருவரும் பத்து வாங்கி, 88–87 என்று கனன்ட்ரத்துக்குப் போயிருப்பார். தற்காத்துக்கொள்ளும் நிலை புதியவருடையதாகவும், துரத்த வேண்டிய நிலை சாம்பியனுடையதாகவும் மாறியிருக்கும்.

இரண்டாவதாக அறிவிப்பவருக்கு உள்ள வசதியை நம்மில் பலர் மதிப்பதே இல்லை. எதிராளியின் எண்ணைக் கேட்ட பிறகு நம் துணிச்சலின் விலையை நாம் அறிவோம். சாம்பியன் "எட்டு" என்று சொல்லியிருந்தால் புதியவரின் ஏழு எப்படியும் செத்த சொல். அப்போது ஐயமுள்ள எட்டைச் சொல்வதில் இழக்க ஏதுமில்லை. சாம்பியன் "ஆறு" என்றிருந்தால் ஏழே போதும். "ஏழு" என்ற ஒரு விடையில்தான் நெஞ்சு படபடக்க முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வந்தது அந்த ஏழுதான்.

எண்சுவடி எழுதியது:

அருமையான கவனிப்பு, அகராதிப்பித்து. நான் அந்தச் சுற்றைக் கவனிக்காமல் விட்டேன். மேலே சொன்ன அதே ஊக எண்களைக் கொண்டு இதையும் போட்டுப் பார்த்தேன்.

எட்டு செல்லுபடியானால் 78–77. எளிய எண் சுற்றுக்குப் பின்னும் ஒரு புள்ளி முன்னிலை. வெற்றி வாய்ப்பு 60. செல்லாவிட்டால் 84–70, பதினான்கு பின்தங்கிய நிலையில் கடினமான எண்களைக் கேட்டே ஆக வேண்டும், அதில் பறித்தாலும் நான்கு பின்தங்கி, பிறகு கனன்ட்ரத்தையும் வெல்ல வேண்டும், வாய்ப்பு 8. பாதுகாப்பாக ஏழு என்று சொன்னால் 40. இம்மூன்றையும் நிறுத்துப் பார்த்தால், அந்த எட்டெழுத்துச் சொல் இருக்கிறது என்று நூற்றுக்கு 62 அளவுக்கு நம்பினால் மட்டுமே துணிய வேண்டும்.

சீட்டைப் போட்டுப் பார்ப்பதுபோன்ற பாதிக்குப் பாதி நம்பிக்கை இருந்தால் ஏழுதான் சரி. ஆகவே அவர் தவறு செய்தாரா என்பது அவர் மனத்தில் அந்தச் சொல்லின் மீது எவ்வளவு நம்பிக்கை இருந்தது என்பதைப் பொறுத்தது. சொல் அகராதியில் இருந்தது என்ற பிற்செய்தியை வைத்துக்கொண்டு அவரைக் குறை சொல்லக் கூடாது.

மணிக்கூண்டு எழுதியது:

எண்சுவடி அவர்களே, மன்னிக்க வேண்டும். கணக்கு அழகாக இருக்கிறது; ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைப்பது இரண்டு நொடி. அதற்குள் 62ஐ எவர் கண்டார்?

மேலும் "எண்களில் சம பலம்" என்ற உங்கள் அடிப்படையையே நான் ஏற்கவில்லை. அதே ஆட்டத்தில் முன்னொரு எண் சுற்றில் புதியவர் நான்கு பெரிய எண்களைக் கேட்டார். 25, 50, 75, 100, அவற்றோடு 8, 3. இலக்கு 877. சாம்பியன் எட்டை நூறால் பெருக்கி, எழுபத்தைந்தைக் கூட்டி, மூன்றையும் சேர்த்து 878 என்றார். ஒன்றே ஒன்றுதான் கூடுதல். புதியவர் 877 என்றார். 875 வரை இருவரும் ஒரே வழிதான். அதன் பிறகு ஐம்பதை இருபத்தைந்தால் வகுத்து இரண்டை எடுத்துக்கொண்டார். பத்துக்குச் சுழியம். ஒரு புள்ளி தள்ளி நின்றவருக்குக் கையில் ஒன்றுமே இல்லை. பெரிய எண்களை வகுத்துச் சிறிய எண் செய்யத் தெரிந்தவர் நான்கு பெரிய எண்களுக்குப் பயப்பட வேண்டிய ஆளா?

எண்சுவடி எழுதியது:

இது வலுவான வாதம். ஒப்புக்கொள்கிறேன்.

கடினமான எண்களில் புதியவர் மட்டும் வெல்வதற்கு 30, சாம்பியன் மட்டும் வெல்வதற்கு 10, மீதி 60 சமம் என்று மாற்றினால், 18உம் 24உம் சேர்ந்து 42 ஆகிறது. எளிய எண்களின் 40ஐவிட இரண்டு கூடுதல். அதாவது எண்களில் மும்மடங்கு வலிமை இருந்தும் கிடைக்கும் ஆதாயம் இரண்டே இரண்டு. நீங்கள் சொல்வது சரி, ஆனால் மயிரிழையில் சரி. "ஒரு சுற்று வீணாயிற்று" என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய பிழை அல்ல.

பழம்பார்வையாளர் எழுதியது:

நான்கு பெரிய எண்கள் என்ற பேச்சு வந்த பிறகு 952ஐ நினைக்காமல் இருக்க முடியுமா? 1997இல் ஜேம்ஸ் மார்ட்டின் என்ற போட்டியாளர் செய்தது. எண்கள் 25, 50, 75, 100, 3, 6. இலக்கு 952. நூறோடு ஆறைக் கூட்டி 106. மூன்றால் பெருக்கி 318. எழுபத்தைந்தால் பெருக்கி 23,850. ஐம்பதைக் கழித்து 23,800. இருபத்தைந்தால் வகுத்தால் 952. எண் சுற்றுகளைக் கவனித்துக்கொண்ட கரோல் வோர்டர்மன் பலகையில் எழுத, அரங்கமே சிரித்து வியந்தது.

இதை மந்திரம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மந்திரம் ஒன்றுமில்லை. 106ஐ ஒன்பதால் பெருக்கினால் 954. இரண்டைக் கழித்தால் 952. அந்த ஒன்பது வேண்டுமென்றால் எழுபத்தைந்தை இருபத்தைந்தால் வகுத்து மூன்றால் பெருக்க வேண்டும். அந்த இரண்டு வேண்டுமென்றால் ஐம்பதை இருபத்தைந்தால் வகுக்க வேண்டும். இரண்டு வேலைக்கும் இருபத்தைந்து தேவை, இருப்பதோ ஒன்று. ஆகவே வகுத்தலை இரு முறை செய்யாமல் கடைசிக்குத் தள்ளி வைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரே அடியில் வகுத்துவிட்டார். மணிக்கூண்டு சொன்ன 877இல் புதியவர் செய்ததும் இதன் தம்பிதான். ஐம்பதும் இருபத்தைந்தும் அருகருகே இருந்தால் அங்கே ஓர் இரண்டு ஒளிந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண்.

அப்படிப்பட்ட கண் உள்ளவர் கடைசி எண் சுற்றில் ஒரே ஒரு பெரிய எண்ணோடு ஒதுங்கியது எனக்கும் சற்று வருத்தம்தான். கணக்கு என்ன சொன்னாலும்.

புதுவரவு எழுதியது:

இந்த ஆட்டத்தைத் தமிழில் ஆட முடியுமா? நம் எழுத்து 247 ஆயிற்றே, எத்தனை அட்டை அடிப்பது?

அகராதிப்பித்து எழுதியது:

247 வேண்டாம், முப்பது வகை அட்டைகளே போதும். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் தனித்தனி அட்டைகள். "ஓர் உயிர் கொடுங்கள், ஒரு மெய் கொடுங்கள்" என்று கேட்க நமக்கு இலக்கணமே வழி செய்து வைத்திருக்கிறது. ஒரு சொல்லைப் பிரித்துக் காட்டுகிறேன்: வ், இ, ள், ஐ, ய், ஆ, ட், ட், உ. நான்கு உயிர், ஐந்து மெய், மொத்தம் ஒன்பது. கவுண்ட்டவுன் விதிக்குள் அடங்குகிறது. சேர்த்துப் பாருங்கள், "விளையாட்டு". பதினெட்டுப் புள்ளி.

நெறியாளர்:

இது தனி இழைக்கு உரிய நல்ல பொருள். அங்கே தொடருங்கள். இங்கே 94–87க்குத் திரும்புவோம்.

ஓரப்பார்வை எழுதியது:

இதுவரை எவரும் தொடாத இடம் கனன்ட்ரம்தான். அது வெறும் முடிவுரை அல்ல.

கவுண்ட்டவுன் கடிகாரத்தின் முள் உச்சியில் தொடங்கி வலப்பக்கமாக அடிவரை வர முப்பது நொடி. புதியவர் மணி அடித்தபோது முள் ஒரு மணி இருக்க வேண்டிய இடத்தைச் சற்றே தாண்டியிருந்தது. ஆறு நொடி. அவர் சொன்ன சொல்லில் E என்ற ஆங்கில எழுத்து இரண்டு முறை வருகிறது. பலகையில் ஒன்றுதான் இருந்தது. எழுத்துகளைச் சரிபார்க்காமல் அடித்துவிட்டார் என்பது வெளிப்படை.

அவசரம் என்று சொல்லிவிடலாம். ஆனால் துரத்துபவரின் நிலை வேறு, முன்னிலையில் இருப்பவரின் நிலை வேறு. முன்னிலையில் இருப்பவர் ஐயத்தோடு மணி அடிப்பது பெரும் மூடத்தனம், ஏனெனில் தவறினால் மீதி நேரம் முழுவதையும் எதிராளிக்குத் தட்டில் வைத்துக் கொடுத்ததாகும். வாய் திறக்காமலே இருந்தாலும், எதிராளிக்குப் பிடிபடாத வரை அவர் வெல்கிறார். துரத்துபவருக்கோ எதிராளி முந்திவிட்டால் எல்லாம் முடிந்தது; ஆகவே அவர் அரைகுறை நம்பிக்கையோடு அடிப்பதில் நியாயம் உண்டு. கேள்வி எவ்வளவு சீக்கிரம் என்பதுதான். இருபத்தொன்பதாவது நொடியில் துரத்துபவர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் இழப்பு இல்லை. ஆறாவது நொடியில் அடித்தால், மீதி இருபத்து நான்கு நொடிகளில் தனக்கே சரியான சொல் பிடிபட்டிருக்கக்கூடிய வாய்ப்பை விற்றுவிட்டுத்தான் அடிக்கிறார்.

ஆனால் எதிரே இருந்தவர் யார்? முந்தைய ஆட்டங்களிலும் கனன்ட்ரத்தில் வேகம் காட்டியவர் இந்தச் சாம்பியன். அவரை எதிரே வைத்துக்கொண்டு சரிபார்க்க இன்னும் மூன்று நொடி எடுப்பதா என்ற கேள்விக்கு, பதிவை நிறுத்தி நிறுத்திப் பார்க்கும் நான் எளிதாக விடை சொல்லிவிடலாம். பிறகு சாம்பியன் விடையைச் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. முள் அப்போது ஏறக்குறைய நான்கு மணி இருக்கும் இடத்தில் இருந்தது. இருபது நொடி. அந்தச் சொல் அவருக்கும் சட்டென்று பிடிபடவில்லை.

புதுவரவு எழுதியது:

புதியவர் தவறாகச் சொன்னவுடனேயே சாம்பியன் வென்றாயிற்றே? பிறகு எதற்கு அவர் இருபது நொடிவரை யோசித்து விடை சொன்னார்?

பழம்பார்வையாளர் எழுதியது:

எட்டு ஆட்டம் தொடர்ந்து வென்றவர் விலகி நின்று, தொடரின் இறுதிக்கட்டத்துக்குத் திரும்ப அழைக்கப்படுவார். அந்தக் கட்டத்துக்குத் தேர்வு பெறும் எட்டுப் பேரின் வரிசை, முதலில் வென்ற ஆட்டங்களின் எண்ணிக்கையையும் பிறகு மொத்தப் புள்ளிகளையும் பொறுத்தது. ஆகவே தீர்ந்துபோன ஆட்டத்தின் கடைசிப் பத்தும் காசுதான். அதனால்தான் நாம் 94–87க்குப் பதில் 104–87 என்று படிக்கிறோம். நெருக்கமான ஆட்டத்தின் முகம் கடைசியில் மறைந்துவிடுகிறது.

சாம்பியன் விடை கண்ட வேகத்தைப் பற்றி ஓரப்பார்வை சொன்னதில் ஒரு திருத்தம். எதிராளி வெளியேறிய பிறகு எவரும் ஆறாவது நொடியின் அவசரத்தோடு தேடுவதில்லை. இருபது நொடி என்பதை வைத்து, போட்டி நீடித்திருந்தாலும் அவருக்கு இருபது ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது.

ஓரப்பார்வை எழுதியது:

சரி. ஏற்கிறேன். மணி கேட்டதும் தோள் தளர்ந்ததைப் பதிவிலேயே பார்க்கலாம்.

அகராதிப்பித்து எழுதியது:

என் பக்கத்திலிருந்து இன்னும் ஒன்றே ஒன்று. எட்டெழுத்துச் சொல் அகராதியில் இருக்கிறது என்று கேட்ட பிறகு புதியவரின் ஆட்டம் மாறியதைக் கவனித்தீர்களா? அதுவரை எண்களைக் கேட்கும்போது சிரித்துக்கொண்டே "நான்கு பெரியவை" என்றவர், அடுத்த சுற்றில் கீழே பார்த்தபடி "ஒரு பெரியது, ஐந்து சிறியவை" என்றார். அவர் அங்கே கணக்குப் போட்டார் என்று எண்சுவடி நினைக்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சற்று முன் துணியாததற்காக வருந்தியவர் அடுத்ததில் துணிவார் என்றுதான் பொதுவாக எதிர்பார்ப்போம். சிலர் அதற்கு நேர்மாறாகச் சுருண்டுகொள்வார்கள். கணக்குப்படி சரியான முடிவை அவர் தவறான காரணத்துக்காக எடுத்தார். அதன்பின் கனன்ட்ரத்தில் ஆறாவது நொடியில், இம்முறையாவது துணிந்துவிட வேண்டும் என்று, எழுத்துகளை எண்ணாமல் துணிந்தார். துணிய வேண்டிய ஓர் இடம் இருந்தது. அது பதின்மூன்றாவது சுற்று.

இனிமேல் செய்யத் தகுந்தது ஒன்று உண்டு. சொல்லின் செல்லுபடியை நிகழ்ச்சி முடிந்ததும் கேட்டுக்கொள்ளலாம். நடுவில் கேட்காதிருப்பது நல்லது.

மணிக்கூண்டு எழுதியது:

இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் பின்வாங்குகிறேன். எண் சுற்றை நான் பெரிதாக்கிவிட்டேன். எண்சுவடியின் கணக்கில் அது நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு விவகாரம். பதின்மூன்றாவது சுற்றில் இருந்ததோ நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையிலான விவகாரம்.

ஆனால் எண்சுவடியின் கணக்கு முழுவதும் ஓர் எண்ணின் மீது நிற்கிறது: இருவருக்கும் கனன்ட்ரம் பிடிபடாமல் போகும் வாய்ப்பு. அதை 20 என்று அவர் ஊகித்தார். அது 10 என்றாலும் 45 என்றாலும் எல்லாம் மாறும். 45 என்றால் நான் முதலில் சொன்னதே சரியாகிவிடும். ஊகிப்பானேன்? என்னிடம் பதிவுகள் இருக்கின்றன. நாளை முதல் ஒரு குறிப்பேட்டில் மூன்று பத்திகள் போட்டு, முன்னிலையில் இருந்தவர் கண்டுபிடித்தது, துரத்தியவர் கண்டுபிடித்தது, எவருக்கும் பிடிபடாதது என்று ஒவ்வோர் ஆட்டமாகக் குறித்துவருகிறேன். இடைவெளி பத்துக்கு உட்பட்ட ஆட்டங்களை மட்டும் எடுக்கட்டுமா, அல்லது எல்லாவற்றையுமா?

எண்சுவடி எழுதியது:

பத்துக்கு உட்பட்டவற்றைத் தனியாகவும் மற்றவற்றைத் தனியாகவும் குறியுங்கள். தோற்றாயிற்று என்று தெரிந்தவரின் கை மணிமேல் அதே வேகத்தில் இறங்காது. நான்காவதாக ஒரு பத்தியும் போட்டு, முதல் மணி எத்தனையாவது நொடியில் என்று எழுதிவிடுங்கள். ஓரப்பார்வைக்கு அது தேவைப்படும்.